காலி இடத்துக்கான துணைக்குழு

வலையமைப்புச் செயல்திறன் அளவீட்டுப் பகிர்வு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்களைத்தான் அங்கே வேலைக்கு எடுப்பார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. கணினிக் கம்பிகளில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது, வழியில் எவ்வளவு தொலைகிறது என்று ஆளாளுக்கு அளந்து தங்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களே, அதை எல்லாரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் மன்றத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கதை நடக்கும்வரை ஒரே ஒரு அளவீட்டைக்கூட அது பகிர்ந்ததில்லை. இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மன்றத்தின் ஆண்டு மலரில் 'அவசரப்படாத அமைப்பு' என்று முதல் பக்கத்திலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்து வாசலை மிதிக்க வேண்டும் என்று ஒயர்க்காரர் கனவிலும் நினைத்ததில்லை. அவருடைய அக்காவின் கை அந்தரத்தில் நின்றதால் வந்த வினை.

ஒயர்க்காரர், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கணினிகளையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்கிறவர். ஒரு விரலைச் சுற்றி இன்னொரு விரலால் ஒயர் சுற்றுவதுபோல் காட்டினால் அதுதான் அங்கே அவர் பெயர். பிள்ளைகள் வைத்தது. அக்கா அதே பள்ளியில் ஆசிரியை. தினமும் காலை பதினொரு மணிக்கு மாடி அறையில் கேமராவுக்கு முன்னால் நின்று சைகை மொழியில் பாடம் நடத்துவார். பள்ளிக்கு வர முடியாத வெளியூர்ப் பிள்ளைகள் அவரவர் ஊரில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண், கம்பி போய்ச் சேருகிற கடைசி ஊர்க்காரி. கேமராவை ஒட்டியே உட்காருவாள். திரையில் அவளுடைய நெற்றியும் இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். அதனால் நெத்திக்காரி. அந்த ஊரில் சைகை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பெற்ற அம்மாவுக்கே அரைகுறை. அவள் கை நிறையப் பேசுவது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் கம்பிக்குக் கிறுக்குப் பிடிக்கும். படம் உறைந்துவிடும். காது கேட்கிற பிள்ளைகள் என்றால் படம் நின்றாலும் குரல் விட்டு விட்டு வரும், சமாளித்துவிடலாம். இங்கே கைதான் குரல்.

"டேய், மறுபடியும் என் கை நின்னுடுச்சாம்," என்று அக்கா மாடிப்படியிலிருந்தே ஆரம்பித்தார். "பின்னம் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். மேல இருக்கற ஒண்ணு போய்ச் சேர்ந்துச்சு. கோடு போய்ச் சேர்ந்துச்சு. கீழ இருக்கற ரெண்டு போய்ச் சேரல. பாதிப் பிள்ளைங்க அரையை ஒண்ணுன்னு எழுதி வெச்சிருக்கு!"

"நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா."

"உன் பக்கம் சரி, என் பக்கம் சரி. அப்ப அந்த ரெண்டு எங்கடா போச்சு?"

நியாயமான கேள்வி. பள்ளியிலிருந்து வெளியூருக்குப் போகிற பாதை மூன்று கம்பெனிகளின் கம்பிகளைத் தாண்டிப் போகிறது. ஒயர்க்காரர் மூன்று பேரையும் கேட்டார். முதல் கம்பெனி தன் தாமதத்தைச் செகண்டில் எழுதி அனுப்பியது. இரண்டாவது கம்பெனி மில்லி செகண்டில் எழுதி, ஆனால் எந்த நேரத்தில் அளந்தது என்று சொல்லாமல் அனுப்பியது. மூன்றாவது கம்பெனி ஒரு பச்சை வட்டத்தை அனுப்பியது. என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்," என்றார்கள். எது நல்லாயிருக்கிறது என்று கேட்டால், "பொதுவா," என்றார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இன்னொரு வீட்டு மின்கட்டண ரசீதும் மாதிரி இருந்தது.

இதற்குள் கல்வி அலுவலகம் முந்திக்கொண்டது. தடங்கல் எங்கே என்று ஆதாரத்தோடு காட்டுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தபாலில் அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டது.

"தபால்ல கையை எப்படிடா அனுப்பறது?" என்றார் அக்கா. கோபமாக ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது குரல் கம்மிவிட்டது. அவர் கோபத்துக்கு ஒயர்க்காரர் பயப்பட்டதில்லை. அந்தக் கம்மிய குரல்தான் அவரைக் கிளப்பி மன்றத்துக்கு அனுப்பியது.

மன்றத்தின் வரவேற்பறையில் மூன்று கடிகாரங்கள் மாட்டியிருந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று சில நிமிஷம் வித்தியாசமாக ஓடின. மூன்று கம்பெனிகளும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தவை. எது சரி என்று சொன்னால் மற்ற இரண்டு பேர் மனம் புண்படும் என்பதால் மூன்றையும் சரி என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே செயலாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரிதான். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார்.

"சொல்லுங்க, என்ன அளவீடு?"

"தாமதம் சில நேரம் நாலாயிரம் வரைக்கும் போகுதும்மா."

"நாலாயிரம் என்ன?"

"மில்லி செகண்ட்."

"போறதுக்கா, போயிட்டு வர்றதுக்கா?"

"போயிட்டு வர்றதுக்கு."

"எங்கேருந்து?"

"பள்ளிக்கூடத்துலருந்து."

செயலாளர் அம்மா வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். "அங்கதாங்க சிக்கல். 'இடம்'ங்கற கட்டத்துக்கு இன்னும் வரையறை நிறைவேறல. கட்டடமா, அறையா, சுவத்துல இருக்கற ஓட்டையான்னு மூணு கருத்து இருக்கு. அதுவரைக்கும் நீங்க எங்கேருந்தும் அளக்கலன்னுதான் நாங்க எடுத்துக்கணும்."

ஒயர்க்காரர் எழுந்துவிட்டார். ஆனால் செயலாளர் அம்மா விடவில்லை. அன்று பிற்பகல் மன்றத்தின் பொதுக்குழு கூடுகிறது, விதிப்படி அதில் ஒரு பயனாளர் பிரதிநிதி இருந்தே ஆக வேண்டும், இதுவரை அப்படி ஒருவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தானாக வாசலில் வந்து நின்ற மனிதரை விடுவார்களா? கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக் கூட்ட அறைக்குள் தள்ளிவிட்டார்கள்.

உள்ளே மூன்று கம்பெனிக்காரர்களும் பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வீட்டிலிருந்தபடியே பெரிய திரையில் தோன்றினார். மேலே கோட்டு, டை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது கீழே என்ன என்று தெரிந்துவிட்டது. யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைய விஷயம் 'வார்ப்பு'. எந்த அளவை எந்தக் கட்டத்தில், எந்த அலகில், எந்தப் பெயரில் எழுதுவது என்ற ஒப்பந்தத்துக்கு மன்றம் வைத்த பெயர் அது. எல்லாரும் ஒரே வார்ப்பில் எழுதிவிட்டால் எல்லாருடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒயர்க்காரருக்கு வயிற்றில் பாலை வார்த்தாற்போல் இருந்தது. ஆக, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே, நம்ம பழைய வார்ப்பு இரும்பு மாதிரி. அறுநூறு கட்டம். அளந்தவர் யாரு, அவருக்கு மேலதிகாரி யாரு, அந்தக் கட்டடம் கடல் மட்டத்துலருந்து எவ்வளவு உயரம், எல்லாமே கட்டாயம். என்ன ஆச்சு? ஒருத்தரும் நிரப்பல. நிரப்ப முயற்சி பண்ணின ஒரே ஊழியர் இன்னும் மருத்துவ விடுப்புல இருக்கார். இதுலருந்து நாம ஆழமான ஒரு பாடம் கத்துக்கிட்டோம். கட்டாயம்னு சொன்னாத்தானே நிரப்பலங்கற பேச்சு வருது? அதனால புதுசா ஒரு நெகிழ் வார்ப்பு. இதுல எந்தக் கட்டமும் கட்டாயம் இல்ல. நிரப்பலாம், விட்டுடலாம். எண்ணால எழுதலாம், எழுத்தால எழுதலாம், படமா வரையலாம். அலகு போடலாம், மனசுல வெச்சுக்கலாம். பிடிச்ச கட்டத்தை நீங்களே சேர்த்துக்கலாம். இனிமே சரியா நிரப்பலன்னு இந்த உலகத்துல யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தொடங்கும்போதே நூறு சதவீதம் வெற்றி அடைஞ்ச முதல் வார்ப்பு இதுதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் கம்பெனிக்காரர் உடனே 'ஊழியர் ஈடுபாடு' என்று ஒரு கட்டம் சேர்த்தார். இரண்டாமவர் விட்டுக்கொடுப்பாரா? 'வாடிக்கையாளர் பொறுமை' என்று ஒன்று சேர்த்தார். மூன்றாவது கம்பெனிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'நிறம்' என்றார்.

ஒயர்க்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, ஆளுக்கொரு விதமா எழுதினா எல்லார் கணக்கையும் எப்படிச் சேர்த்துப் பார்க்கறது?"

எல்லாரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் அன்பாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. 'குறிப்புகள்'னு ஒரு கட்டம் இருக்கு. இதை அதுல எழுதிடுங்க."

எழுதினார். அந்தக் கட்டத்தை யார் படிப்பார்கள் என்ற கேள்வியையும் அதிலேயே எழுதினார்.

அடுத்த மாதமே மன்றத்தின் வரலாற்றில் முதல் பகிர்வு நடந்தது. எல்லாரும் தங்கள் அளவீடுகளை நெகிழ் வார்ப்பில் கொட்டினார்கள். பள்ளியின் சார்பில் ஒயர்க்காரர் பொறுப்பாக எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார்: எவ்வளவு தாமதம், எவ்வளவு இழப்பு, எந்த நேரம், எந்தச் சுவர், எந்த ஓட்டை. மன்றத்துக் கணினி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத் தரவரிசை போட்டது.

மூன்றாவது கம்பெனிக்கு முதலிடம். அவர்கள் ஒன்றுமே எழுதாமல் வெறும் வார்ப்பை அப்படியே அனுப்பியிருந்தார்கள். காலியாக இருந்த கட்டத்தையெல்லாம் கணினி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் தாமதம். பூஜ்யம் இழப்பு. இந்த உலகத்தில் எந்தக் கம்பியும் அந்தச் சாதனையைச் செய்ததில்லை. நேர்மையாக எல்லாவற்றையும் அளந்து எழுதிய பள்ளிக்குக் கடைசி இடம். கடைசி இடம் வந்ததற்கு விளக்கம் கேட்டுப் பள்ளிக்கு ஒரு கேள்விக்கடிதமும் வந்தது.

கல்வி அலுவலகத்துக்கு இது போதாதா? மூன்று கம்பெனியும் சுத்தம், பள்ளிதான் கோளாறு, மன்றமே சொல்லிவிட்டது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். பருவத்தின் கடைசி வகுப்பன்று அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அன்றைக்கும் படம் நின்றால் அன்றோடு வகுப்புக்கு மூடுவிழா. அக்கா அதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கேமராவைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஒயர்க்காரருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. வாயை மூடிக்கொண்டு காலியாக அனுப்பியிருந்தால் வகுப்பாவது பிழைத்திருக்கும்.

பரிசளிப்பு விழாவைக் காலையில் வைத்திருந்தார்கள். கடைசி இடம் பெற்றவருக்கும் ஊக்கக் கேடயம் உண்டு என்பதால் ஒயர்க்காரர் போயே ஆக வேண்டியிருந்தது. மூன்றாவது கம்பெனிக்காரர் ஏற்புரையில் உணர்ச்சிவசப்பட்டார்.

"இந்த வெற்றி சாதாரணமா வந்ததில்ல. மத்தவங்க அளந்துகிட்டு இருந்தப்ப நாங்க பொறுமையா இருந்தோம். எத்தனையோ பேர் எங்களை அளக்கச் சொல்லி வற்புறுத்தினாங்க. நாங்க அசரல. எங்க மேல எங்களுக்கு இருக்கற நம்பிக்கைதான் எங்க அளவுகோல்."

அப்போது ஒயர்க்காரரின் கைப்பேசி துடித்தது. அக்கா அனுப்பியிருந்தார்: 'டேய் என்ன பண்ணின? இன்னிக்கு வகுப்பு தண்ணி மாதிரி ஓடுது. ஒரு இடத்துல கூட நிக்கல!!'

அவர் ஒன்றும் பண்ணவில்லை. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதை ஓரத்தில் 'சோதனை அறை' என்று எழுதிய கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், உட்காருங்க. இன்னிக்கு விழா, அதனால எனக்கு வேலை இல்ல."

"என்ன வேலை உங்களுக்கு?"

"டெஸ்ட் ஓட்டறதுதான். தினமும் பதினொண்ணுலருந்து பன்னண்டு வரைக்கும் லைன் தாங்கற அளவுக்கு முழுசா நிரப்பித் தள்ளுவேன். வார்ப்புக்கு மாதிரி அளவீடு வேணுமில்ல? மூணு கம்பெனி லைனும் இந்தக் கட்டடத்துலதான் சேருது. பதினொரு மணிக்குத்தான் லைன்ல ஆள் நடமாட்டம் இருக்கும். அப்ப அளந்தாத்தான் உண்மை நிலவரம் தெரியும்."

"தெரிஞ்சுதா?"

"ரொம்ப மோசம் சார்!" சோதனை அறைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு மணி நேரம் யாரோ லைனை அடைச்சுடறாங்க. வருஷக்கணக்கா அளந்துட்டு வர்றேன். ஆள் யாருன்னுதான் பிடிபடல."

ஒயர்க்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரி, இன்னிக்கு ஏன் ஓட்டல?"

"கூட்டமோ விழாவோ நடந்தா ஓட்டவே கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. தலைவர் வீட்டுலருந்து பேசுவாரில்ல? நான் டெஸ்ட் ஓட்டினா அவர் முகம் உறைஞ்சு போயிடும். ஒரு தடவை வாயைத் திறந்தபடியே அரை மணி நேரம் நின்னுட்டாரு. எல்லாரும் ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சு ஒரு தீர்மானத்தையே நிறைவேத்திட்டாங்க."

ஒயர்க்காரர் நேரே செயலாளர் அம்மாவிடம் ஓடினார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த டெஸ்ட்டை நிறுத்தணும்னா, அதாலதான் இழப்பு வருதுன்னு நீங்க பகிர்ந்திருக்கணும். நெகிழ் வார்ப்புல 'காரணம்'னு கட்டம் இல்லீங்களே."

"புதுசா சேர்த்துக்கலாம்னு தலைவரே சொன்னாரேம்மா."

"தாராளமா சேர்த்துக்கலாம். ஆனா நிரப்பறது எப்படிக் கட்டாயம் இல்லையோ, அதே மாதிரி படிக்கறதும் கட்டாயம் இல்ல. ரெண்டு பக்கமும் நெகிழ்வு இருக்கணுமில்ல?"

"தலைவர் முகம் நின்னா மட்டும் உடனே நிறுத்தறீங்களே?"

"அது அளவீடு இல்லீங்க," என்றார் செயலாளர் அம்மா, குழந்தைக்கு விளக்குவதுபோல. "அது மரியாதை."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினார். அக்கா கேடயத்தைக் கையில் வாங்கி, அதை யார் மண்டையில் போடலாம் என்று கொஞ்சநேரம் யோசிப்பதுபோல் எடை பார்த்தார்.

"கூட்டம் நடந்தா நிறுத்துவாங்களாமா?"

"ஆமாக்கா."

"அப்ப தினமும் கூட்டம் போட்டுத் தொலைக்கச் சொல்லேன்! அவங்களுக்கு அதைவிட வேற என்ன வேலை?"

ஆத்திரத்தில் சொன்ன வார்த்தைதான். சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விட்டார். ஒயர்க்காரர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அடுத்த பொதுக்குழுவில் பயனாளர் பிரதிநிதி எழுந்து நின்றார். "ஐயா, அளக்காம காலியா விட்ட கட்டத்தையும், அளந்து பூஜ்யம் வந்த கட்டத்தையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றதுன்னு வார்ப்புல தெளிவில்ல. இது ரொம்ப ஆழமான விஷயம். இதை ஆராய ஒரு துணைக்குழு வேணும். தினமும் கூடணும். மூணு கடிகாரத்துல எது முதல்ல பதினொண்ணு காட்டுதோ அப்பத் தொடங்கி, எது கடைசியா பன்னண்டு காட்டுதோ அப்ப முடிக்கணும். தலைவர் ஐயாவே தலைமை ஏத்துக்கணும்."

மன்றத்தில் எந்தத் தீர்மானமும் அத்தனை வேகமாக நிறைவேறியதில்லை. மூன்று கடிகாரங்களையும் மதித்த முதல் முன்மொழிவு என்று மூன்று கம்பெனிக்காரர்களும் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள். கேட்டவரே பொறுப்பு என்ற வழக்கப்படி ஒயர்க்காரரை அமைப்பாளர் ஆக்கினார்கள்.

அன்றிலிருந்து வகுப்பு ஓடியது. பின்னம் போய்ச் சேர்ந்தது, தசமம் போய்ச் சேர்ந்தது, சதவீதமும் புள்ளி விடாமல் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் சிரிப்பதும் சண்டை போடுவதும்கூடத் திரையில் தெரிந்தது. மன்றம் தன் செய்திமடலில், நெகிழ் வார்ப்பு வந்தபிறகு ஒரு பள்ளியின் வகுப்பே சீராகிவிட்டது என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டது.

ஒயர்க்காரர்தான் ஆளே மாறிப்போனார். தினமும் ஒரு மணி நேரம் விவாதம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் சும்மாவா? விவாதம் தளரும்போது ஒரு திருத்தம், சூடு குறையும்போது ஒரு மாற்றுக் கருத்து என்று அடுப்பை ஊதுவதுபோல் ஊதிக்கொண்டே இருந்தார். காலி என்பது இடமா நிலையா என்று ஒரு வாரம் ஓட்டினார். பூஜ்யத்துக்கு அலகு உண்டா என்பதில் இன்னொரு வாரம் போயிற்று. பிடித்த கிறுக்கு வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று அக்கா கேட்டதற்கு, "இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, போடலையா, போட்டும் தெரியலையான்னு ரெண்டாப் பிரிக்கணும்க்கா," என்று சொல்லிவிட்டார். அக்கா கரண்டியைக் காட்டினார். அதற்கு வரையறை தேவைப்படவில்லை.

பருவத்தின் கடைசி வகுப்பு வந்தது. கல்வி அலுவலகத்து அதிகாரி சொன்னபடி மாடி அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பாடம் நடத்தப்போவது அக்கா இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். கடைசியாக நெத்திக்காரி. ஒயர்க்காரர் துணைக்குழு மேஜைக்கு அடியில் கைப்பேசியை மடியில் வைத்து, அந்த வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சத்தம் தேவையும் இல்லை.

பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக முடித்து நெத்திக்காரியின் முறை வந்தது. அப்போதுதான் மூன்றாவது கம்பெனிக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். அத்தனை நாளும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது. அளக்கலன்னா, 'அளக்கல'ன்னு எழுதிட்டாப் போச்சே?"

முதல் கம்பெனிக்காரர் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் மெதுவாகத் தலையாட்டினார். திரையில் தலைவரின் புருவம் உயர்ந்து, பிறகு தெளிந்தது.

அந்த மன்றத்தில் யாரோ ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். ஒயர்க்காரர் முதல் நாளிலிருந்து கேட்க ஏங்கிய பதில். அதை எழுதினால் தரவரிசை மாறும், பள்ளியின் மேல் விழுந்த பழி போகும். ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நிமிஷம் துணைக்குழு கலையும், கூட்டம் முடியும். நடைபாதையில் சோதனை அறைக்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடியில் இருந்த திரையில் நெத்திக்காரி நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். அந்தப் பருவம் முழுக்க யாரும் பார்த்திராத கண்களும் மூக்கும் வாயும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் கைகளை உயர்த்தினாள்.

"பிரமாதம்," என்றார் தலைவர். "யாருக்கும் ஆட்சேபம் இல்லைன்னா இதோட துணைக்குழுவைக் கலைச்சிடலாம். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

செயலாளர் அம்மா பேனாவை மூடப் போனார். நாற்காலிகள் பின்னால் நகர ஆரம்பித்தன. சோதனை அறைக்காரர் கதவை விட்டுத் திரும்பிவிட்டார்.

ஒயர்க்காரர் கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். 'அளக்கல'ன்னு எழுதலாம், சரி. ஆனா அளக்க முடியலையா, அளக்க விரும்பலையா, இல்ல அளக்க மறந்துட்டாங்களா?"

நகர்ந்த நாற்காலிகள் பாதியில் நின்றன. பிறகு தலைவரின் முகம் மலர்ந்தது. "அதானே!" என்றார் இரண்டாம் கம்பெனிக்காரர். "அளக்க அனுமதி கிடைக்காதவங்க எங்க போவாங்க?" என்றார் முதலாமவர். நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. இன்னொரு தட்டு பிஸ்கட் வந்தது. செயலாளர் அம்மா பேனாவைத் திறந்து புதுப் பக்கத்தைப் புரட்டினார். சோதனை அறைக்காரர் மறுபடியும் காலை நீட்டி உட்கார்ந்தார்.

மடியில் அந்தச் சிறுமியின் கை மேலே ஒரு விரலைக் காட்டியது. குறுக்கே ஒரு கோடு இழுத்தது. பிறகு எங்கும் நிற்காமல் கீழே இறங்கி, கோட்டுக்கு அடியில் இரண்டு விரல்களை விரித்தது.